மூன்று கப்பல்களின் கேப்டன்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நாத்தனாரும் மதினியும் என்று பேச்சிலேயே தெரிந்தது. சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

“மைனி, என்கிட்ட இப்ப மூணு கப்பல் இருக்கு.”

பெரியவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சின்னவள் போனை நீட்டினாள்.

“கேமா? ஒனக்கு எதுக்குளா இது?”

“விளம்பரத்துல கவுனும் கிரீடமுமாத்தான் காட்டுனான். பொம்பளைக்கு அது போதும்னு நெனச்சிருக்கான். நானும் கவுனு பாக்கத்தான் போனேன். உள்ள போனா மந்திரக் கடலு, கப்பலு. நாந்தான் கேப்டன்.”

“வீட்டுலயே படகு நிக்கி. நீ போனுல ஓட்டுத.”

“அந்தப் படகுல என்னைய ஏத்துவாவளா? போன வாரம் அண்ணன்கிட்ட, ஒரே ஒரு நாளு கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். பொம்பள ஏறுனா மீன் படாதுன்னு சிரிச்சிட்டாவ. எனக்கு அழுகையா வந்துட்டு.”

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்தபடி சொன்னாள்:

“கல்யாணமான புதுசுல நானும் கேட்டேன்ளா. இதையேதான் சொன்னாவ. பொறவு நான் கேக்கவே இல்ல.”

பிறகு மெல்லக் கேட்டாள்: “இதுல கரையே தெரியாத எடம் வருமா?”

“வரும் மைனி. நேரா போய்க்கிட்டே இருக்கணும்.”

பெரியவள் போனை வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இருவரைத் தவிர எல்லோரும் இறங்கிவிட்டோம். கண்டக்டர் அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“செத்த இரியும் அண்ணாச்சி,” என்றாள் பெரியவள், தலையை நிமிர்த்தாமல். “இப்பத்தான் கரை மறையுது.”