ஒரு பக்கெட் தண்ணீர்

மல்லேஸ்வரத்தில் நான் ஏறிய பஸ் சிக்னலில் அசையாமல் நின்றது. முன் சீட்டில், வீட்டுவேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

“எங்க மேடம் மலைக்கு டூரு போய்ட்டு வந்ததுல என் கை தேஞ்சு போச்சுக்கா.”

“அவங்க மலைக்குப் போனா உன் கைக்கு இன்னாடி?”

“அங்க பத்து நாளும் ஒரு பக்கெட் தண்ணிலயே குளிச்சாங்களாம். மனசே மாறிடுச்சாம். வந்ததும் வாஷிங் மெஷின நிறுத்திட்டாங்க. பாத்திரத்துக்கு சோப்பு கூடாது, பூந்திக்கொட்டை ஊறவெச்ச தண்ணிதான். எண்ணெப் பிசுக்கு போறதுக்கு மூணு வாட்டி தேய்க்கணும்.”

“அவங்களும் தேய்க்கறாங்களா?”

“போட்டோ எடுக்கறாங்க.”

மூத்தவள் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

“போன வாரம் கேட்டாங்க, ‘உங்க வீட்ல ரெண்டு குடம் தண்ணில எப்படி சமாளிக்கறே? எனக்கும் கத்துக்குடு’ன்னு.”

“குடுத்தியா?”

“பெருமையா குடுத்துட்டேன். இப்போ பாத்திரம் கழுவ எனக்கும் ஒரே பக்கெட்டு. பைப்பத் தொறக்கக் கூடாது.”

“நமக்குப் பழக்கந்தானேடி?”

பஸ் மெல்ல நகர்ந்தது. இளையவள் கண்ணைத் திறந்தாள்.

“அதாங்க்கா. முன்னல்லாம் ஜீவனஹள்ளில நம்ம வீட்ல சொம்பு சொம்பா அளந்து ஊத்திட்டு வருவேன். மேடம் வீட்டுக்குப் போனதும் பைப்ப முழுசாத் தொறந்துவிட்டு ரெண்டு கையையும் நீட்டிட்டு நிப்பேன். நான் டூரு போனதே அந்த அரை நிமிஷந்தான்.”