வெளியில் எதுவும் குடிக்காதே

எனக்குச் சமையல் அவ்வளவாக வராது. பால் மட்டும் பக்குவமாகக் காய்ச்சுவேன். அதில் என் தம்பி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். மீசை அரும்பும் வயதிலேயே கஞ்சாப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வருடக்கணக்கில் இழுத்தான். கடைசியில், சுவருக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். இனித் தொட்டால் மூளை தாங்காது என்றார் டாக்டர். தலைபாடாக அடித்துக்கொண்டு, அவன் காலில்கூட விழுந்து, அதை விட வைத்தவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

விட்டதும் ஆள் தேறிவிட்டான். லேத் பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பில் போடும் பெண்ணைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போகப்போவதாக ஒருநாள் சொன்னான். முகத்தில் அப்படியொரு தெளிவு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? குணமாக்கத்தான் அக்கா, குடும்பம் நடத்த வேறொருத்தியா என்றிருந்தது.

பரண்மேல் அவன் ஒளித்துவைத்து மறந்துபோன பொட்டலம் கிடந்தது. பாலில் கொஞ்சமாகத்தான் சேர்த்தேன். அது தீர்ந்ததும் அவனுடைய பழைய சிநேகிதர்களிடம் வாங்கினேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதை தெரிந்த பிள்ளைகள். நீங்கள் அரிசி டப்பாவில் எடுத்தது அதில் மிச்சம்.

சுவர் மறுபடி பேச ஆரம்பித்தது. கல்யாணப் பேச்சு நின்றது. "யாரோ எனக்கு எதையோ கலந்து குடுக்கறாங்கக்கா," என்றான். இந்த நோயில் இப்படித்தான் சந்தேகம் வரும் என்றார் டாக்டர். சிறுநீர்ப் பரிசோதனையிலும் கஞ்சா தெரிந்தது. திருட்டுத்தனமாக இழுக்கிறான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். நான் குறுக்கே எதுவும் பேசவில்லை. அவனிடம் மட்டும், "வெளியில யார் குடுத்தாலும் எதுவும் குடிக்காதப்பா," என்றேன்.

பட்டறையில் அவனுக்கு டீ கொடுப்பவள் அந்தப் பெண்தான் என்று எனக்குத் தெரியும். மறுநாள் டம்ளரை நீட்டியவளின் தலையில் ஸ்பேனரால் அடித்திருக்கிறான். அவள் பிழைக்கவில்லை என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. பாவம், நல்ல பெண்தான்.

நேற்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். "சத்தியமா நான் கஞ்சாவத் தொடலக்கா. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. நீயாச்சும் நம்பறியா?"

நம்புகிறேன் என்றேன். அவனிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.