அரை இன்ச் போல்ட்

டைட்டஸ்: இது கார் போல்ட்டே இல்லம்மா.

சில்வியா: கார்ல இருந்ததுதான் டைட்டஸ்ணா. முன் வீல்ல பிரேக் காலிப்பரைப் புடிச்சிட்டிருந்தது. ஒரிஜினலா ரெண்டு வேணும்.

டைட்டஸ்: ஒரிஜினல்னா தலைல நம்பர் அடிச்சிருக்கும். இது மொட்டை. அளந்து பாரு... அரை இன்ச். இந்த காலத்து காரெல்லாம் மில்லிமீட்டரு.

சில்வியா: அதான் உங்ககிட்ட வந்தேன். ஆண்டர்சன்பேட்டைலயே உங்க கடைலதான் எல்லாம் கெடைக்கும்னு...

டைட்டஸ்: ஐஸ் வெக்காத. இன்னா காரு?

சில்வியா: பெங்களூரு பையன் ராகேஷோடது. ரேஸ்ல போற மாதிரி போவும். நாலு மணிக்கு எடுத்துக்க வரான்.

டைட்டஸ்: இன்னிக்கா? ஆர்டர் போட்டாகூட மூணு நாள் ஆவும். சரி, இது ஒண்ணு. இன்னொண்ணு எங்க?

சில்வியா: அது... வுழுந்துடுச்சு.

டைட்டஸ்: எங்க?

சில்வியா: எங்கியோ... பேத்தமங்களா ஏரி ரோட்ல.

டைட்டஸ்: ரோட்ல வுழுந்திருந்தா காரு ஏரிலதான் நின்னிருக்கும். யாரு போட்டது இத?

சில்வியா: யாரோ மெக்கானிக்கு.

டைட்டஸ்: மாரிகுப்பத்துல ஷெட்டு வெச்சிருக்கிற புருஷன் சாம்சன் உனக்கு யாரோ மெக்கானிக்கா?

சில்வியா: சிரிக்காதீங்கணா. பழைய போல்ட்ட ஓவரா முறுக்கி, ஓட்டைல மரை போயிடுச்சு. அரை இன்ச்சுக்கு புது மரை வெட்டி இத ஏத்திட்டாரு. கேட்டா, "எங்கப்பன் அரை இன்ச் போல்ட்ட நம்பி தங்கச் சுரங்கத்துல கேஜ்ல ஆறாயிரம் அடி எறங்கினாரு, ஒரு காரு தாங்காதா"ங்கிறாரு.

டைட்டஸ்: மரை கழண்டது ஓட்டைக்கு மட்டும் இல்ல போல.

சில்வியா: அண்ணா...

டைட்டஸ்: கேஜை ஷிஃப்டுக்கு ஷிஃப்டு தட்டிப் பாத்துதான் எறக்கினாங்க. இத யாரு தட்டறது? அந்த பையன் நூத்தம்பதுல போய் பிரேக்க மிதிச்சான்னா...

சில்வியா: பயமா இருக்குணா. சரியான போல்ட்ட எங்கியாவது புடிச்சு குடுங்க. நானே மாத்திடறேன்.

டைட்டஸ்: இனிமே அது போட்டாலும் நிக்காது. ஓட்டைய பெருசாக்கிட்டான் சாம்சன். மாட்டற பார்ட்டையே மாத்தணும்.

சில்வியா: அய்யோ... அப்ப நாலு மணிக்கு?

டைட்டஸ்: காரைக் குடுக்கக் கூடாது.

சில்வியா: இப்ப குடுக்க முடியாது. இந்தாங்க, இன்னொண்ணு.

டைட்டஸ்: வுழுந்துடுச்சுன்ன?

சில்வியா: அவரு டீக்கு போனப்ப ரெண்டையும் நான்தான் கழட்டினேன். வண்டி ஜாக்கி மேல நிக்குது.

டைட்டஸ்: அடிப்பாவி! நீ ஷெட்ட நடத்து, அவன் சோறாக்கட்டும்.

சில்வியா: வெளையாடாதீங்க. அவரு வேற அரை இன்ச் தேடி ஏத்திடுவாரு. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பாரு.

டைட்டஸ்: நானா... வேணாம்மா.

சில்வியா: ஊருக்கே புத்தி சொல்றீங்க. ஒரு உசுரு போற விஷயம்ணா.

டைட்டஸ்: ...சரி, ஷட்டர எறக்கிட்டு வரேன். ராகேஷ்கிட்டயும் நானே பேசறேன். நீ சாம்சன மட்டும் திட்டாத.

சில்வியா: இன்னாணா திடீர்னு அவருக்கு சப்போர்ட்டு?

டைட்டஸ்: போன வாரம் வந்தான். இரும்பு கேட்டுல மாட்டணும்னு ரெண்டு அரை இன்ச் போல்ட் வாங்கினான். உங்க வூட்டுக்கும் கேட்டு இல்ல, ஷெட்டுக்கும் கேட்டு இல்ல. தெரிஞ்சுதான் குடுத்தேன்.