உறுமாத வம்சம்

கதவு திறந்தே இருக்கட்டும் சார். நாய் வாடை என் சட்டையில ஊறிப்போச்சு, எவ்வளவு துவைச்சாலும் போகாது. என் சம்சாரம் இருந்தவரைக்கும், "உங்க பக்கத்துல படுக்கறதுக்கு நாய்க் கொட்டில்லயே போய்ப் படுத்துடலாம்"னு சொல்லிச் சிரிப்பா.

நாய் வளர்க்கிறதுதான் என் தொழில். சும்மா சோறு போடறது இல்ல, நல்ல இனமா எடுக்கறது. கைக்குழந்தை இருக்கற வீட்டுக்குத்தான் என் குட்டிங்க போகும். குழந்தை காதைப் பிடிச்சு இழுத்தாலும், கண்ணுல விரலை விட்டாலும் பேசாம இருக்கணும். அப்படி நாய் தானா பிறக்காது சார், பொறுக்கித்தான் எடுக்கணும். சாதுவானதைச் சாதுவானதோட சேர்த்தா குட்டி அதைவிடச் சாதுவா வரும். ஓநாயை நம்ம காலடியில படுக்க வச்சவனும் இதைத்தான் செஞ்சிருப்பான். பிழைக்கத் தெரியாததைக் காடு கழிச்சுடும். கோபம் வர்றதை நான் கழிச்சுடுவேன்.

கண்டுபிடிக்கிறது சுலபம். குட்டி ஆசையா தின்னுக்கிட்டு இருக்கும்போது கிண்ணத்தைப் பிடுங்குவேன். வாலை ஆட்டினா திருப்பிக் குடுப்பேன். உறுமினா அன்னைக்கே ஈரச் சாக்கைப் போர்த்தி, பிடரியில இரும்புக் குழாயால ஒரே அடி. இழுத்தடிச்சாத்தான் பாவம்.

என் தம்பி என்கூடத்தான் வேலை பார்த்தான். அவனுக்கு இது பிடிக்காது. "பசியில உறுமாத ஜீவன் உண்டாண்ணே? உன் சோத்துத் தட்டைப் பிடுங்கினா நீ சும்மா இருப்பியா?"ன்னு கொட்டில் அதிரக் கத்துவான். அவன் அப்படித்தான். சத்தம் ஊரைக் கூட்டும், பாத்திரம் பறக்கும், கொஞ்ச நேரத்துல பல்லைக் காட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உட்காருவான். எங்கப்பாவும் கத்துவார். ஆனா அவர் கத்துறதோட நிறுத்தல. அம்மாவுக்கு ஒரு காது கேட்காமலே போச்சு. அதனால தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும், எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, எனக்கு மட்டும் அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

போன வாரம் அவ கையில துணி சுத்தியிருந்தது. என்னம்மான்னு கேட்டேன். அவ என் தம்பி முகத்தைப் பார்த்தா. "நான்தாண்ணே. கோபத்துல தள்ளிட்டேன், தாழ்ப்பாள் கிழிச்சிருச்சு"ன்னான். இனிமே செய்வியான்னு கேட்டேன். "கோபம் சொல்லிக்கிட்டா வருது?"ன்னு சிரிச்சான்.

சிரிச்சான் சார்.

மறுநாள் காலையில அவன் தொட்டியில குனிஞ்சு கிண்ணம் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். பின்னால போய்ச் சாக்கைப் போட்டேன். முதல் அடியில முழங்கால் போட்டுட்டான், சாயல. மனுஷப் பிடரி கெட்டி. சாக்குக்குள்ள இருந்து, "அண்ணே, நான் அண்ணே"ன்னான், ஏதோ ஆள் மாறிப்போச்சுங்கிற மாதிரி. "தெரியும்டா"ன்னு சொல்லிட்டு, அவன் அசைவு நிக்கிற வரைக்கும் அடிச்சேன். தொட்டித் தண்ணி சிவப்பா வழிஞ்சு கொட்டில் வாசல் வரைக்கும் போச்சு. நாய்ங்க எல்லாம் கம்பிக்குப் பின்னால நின்னு பார்த்துச்சு. ஒண்ணுகூடக் குரைக்கல. அந்த நேரத்துலயும் எனக்கு அது பெருமையாத்தான் இருந்தது.

அப்புறம் தம்பி பொண்டாட்டி ஓடி வந்தா. கைத்துணியைப் பிரிச்சு என் முகத்துக்கு நேரா நீட்டினா. பல் பதிஞ்ச காயம்.

"பஞ்சு கடிச்சது மாமா. கிண்ணத்தை எடுக்கப் போனேன், சத்தமே இல்லாம பாய்ஞ்சிருச்சு. நீங்க அதைக் கொன்னுடுவீங்கன்னுதான் அவர் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டார்."

பஞ்சு என் கொட்டில்லயே ரொம்பச் சாதுவான பொட்டை நாய். தம்பி பாட்டில்ல பால் குடுத்து வளர்த்தது, இப்ப சினையா வேற இருக்கு. "வாய்தான் மாமா அவருக்கு. என்மேல ஒரு தடவைகூடக் கை வச்சதில்ல"ன்னு சொல்லிட்டு, அந்த ஈரத்துலயே உட்கார்ந்து அவன் தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டா. நான் குழாயைக் கழுவி ஓரமா வச்சேன்.

நீங்க கூட்டிட்டு வந்த நாய் டாக்டர் என்னென்னமோ சொல்றார். "கடிக்கிறதை நீங்க கழிக்கல. உறுமுறதைத்தான் கழிச்சீங்க. கிட்ட வராதேன்னு அது சொல்ற பாஷைதான் உறுமல். சொல்லிட்டுக் கடிக்கிறதையெல்லாம் கொன்னுட்டீங்க. சொல்லாம கடிக்கிறது தப்பிச்சுப் பெருகிடுச்சு"ங்கிறார். படிச்சவர், நாய் விஷயத்துல அவர் சொல்றது சரியாவே இருக்கட்டும். ஒரு மணி நேரம் என்னை ஸ்டேஷனை விட்டு வெளியே விட்டா, பஞ்சுவை வயித்துல இருக்கற குட்டிங்களோட நானே கழிச்சுடறேன்.

ஆனா மனுஷன் விஷயத்துல நான் தப்புப் பண்ணலை. தம்பி கத்துறவன், அது ஊருக்கே தெரியும். நான் என்னைப் பெத்தவங்ககிட்டயோ கட்டினவகிட்டயோ ஒரு நாளும் குரலை உயர்த்தினதில்ல, யாரை வேணா கேட்டுப் பாருங்க. குழந்தை பிறக்கப்போற வீட்டுல எங்க ரெண்டு பேர்ல யார் இருக்கக் கூடாதுங்கிறதுல எனக்கு அப்பவும் சந்தேகமில்ல சார், இப்பவும் இல்ல.