அந்த ஊர் மட்டும் வேண்டாம்

– அந்த ஊருக்கு நான் வர மாட்டேன். வேணும்னா நீங்க போங்க. சட்டையெல்லாம் தேய்ச்சுப் பெட்டியில அடுக்கித் தரேன்.

– இரு. ராத்திரி பூரா ரயில்ல இடிபட்டு இப்பதான் வீட்டுக்குள்ள கால வெச்சிருக்கேன். மொதல்ல அந்த அயர்ன் பாக்ஸக் கீழ வை.

– கையில இருந்தா என்ன? உங்க மேலயா வெச்சிடப் போறேன்?

– உன் மொகத்தப் பாத்தா அப்படித்தான் இருக்கு.

– நல்லா இருக்கு கதை. சும்மா ஒரு இன்டர்வியூ, போய்ப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனீங்க. இப்ப வந்து, வேலை கெடச்சிருச்சு, ஒண்ணாந்தேதி கெளம்பணும்ங்கறீங்க. பொண்டாட்டியக் கேட்டுட்டு முடிவு பண்றவன் இருக்கான். முடிவு பண்ணிட்டு வந்து தகவல் சொல்றவனும் இருக்கான்.

– கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? நான் சொல்றது என்னன்னா, இந்த ஊர்ல மொத்தம் பதினாலு லிஃப்ட். அதுல ஒம்பது எனக்கு அண்ணன் வயசு. இதுங்களுக்கே கிரீஸ் தடவித் தடவி என் வயசும் போயிடும். அங்க ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள பதினெட்டு லிஃப்ட். எனக்குக் கீழ நாலு மெக்கானிக். குடியிருக்க வீடும் தராங்க.

– அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போறவங்க கம்மி. முக்கால்வாசிப் பேர் ஸ்ட்ரெச்சர்லதான் போறாங்க.

– எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எதிர்வீட்டுக்காரர் பர்ஸ உள் பாக்கெட்ல வெச்சுக்கோங்கன்னார். டீக்கடைக்காரர் வாட்சக் கழட்டிட்டுப் போங்கன்னார். ரெண்டு நாள் சுத்தினேன். இந்தா பாரு, பர்ஸும் இருக்கு, வாட்சும் இருக்கு. வழி கேட்டா நின்னு சொல்றாங்க.

– போற வழி எல்லாரும் சொல்லுவாங்க. திரும்பி வர்ற வழியக் கேட்டுப் பாத்திருக்கணும்.

– எந்த ஊர்ல திருடன் இல்ல? நம்ம தெருவுல போன மாசம் சைக்கிள் காணாமப் போச்சு.

– சைக்கிள் போனா போகட்டும். நான் பாப்பாவ நினைக்கறேன். ஆறு வயசு. யாரு கூப்பிட்டாலும் சிரிச்சுட்டே போறா.

– அதையும் விசாரிச்சேன். அவங்க குடுக்கற வீட்டுக்குப் பின்னாடியே பள்ளிக்கூடம். பெரிய மைதானம், ரெண்டு வாட்ச்மேன்.

– பின்னாடியா? மேம்பாலத்தத் தாண்டித்தானே போகணும். அந்தப் பாலத்துக்குக் கீழ இருட்டினா பஸ்ஸே நிக்காது. டிரைவர் நிறுத்த மாட்டான். அடுத்த ஸ்டாப்ல இறங்கி ஓட்டமா ஓடி வரணும்.

– இத எந்தப் பேப்பர்ல போட்டிருந்தான்?

– எத?

– பஸ் நிக்காதுங்கறத.

– மருந்துக்கடையில நாளெல்லாம் நிக்கறேன். ஆயிரம் பேர் வராங்க. யாரோ சொன்னாங்க.

– இருமல் மருந்து வாங்க வர்றவன், எங்க ஊர்ல பாலத்துக்குக் கீழ பஸ் நிக்காதும்மான்னு சொல்லிட்டுப் போறானா?

– என்ன இது, போலீஸ் விசாரணையா?

– விசாரணைதான். எட்டு வருஷம் முன்னாடியே நடந்திருக்கணும். நான் ஏமாளி, இன்னிக்குத்தான் நடத்தறேன்.

– சுத்தி வளைக்காதீங்க. என்ன சொல்ல வரீங்க?

– இந்த வேலைக்கு எழுதிப் போட்டப்ப குடும்பத்து சர்டிபிகேட் எல்லாம் கேட்டாங்க. நீ கடைக்குப் போயிருந்த. பீரோவுல தேடினேன். மேல் தட்டுல விரிச்சிருக்கிற காகிதத்துக்கு அடியில ஒரு கவர். பள்ளிக்கூட டி.சி. உன் பேரு இருந்துச்சு. உங்கம்மா பேரு இருந்துச்சு. கதவு நம்பர், தெரு, அந்த ஊரு, எல்லாம் இருந்துச்சு.

– நகருங்க, அயர்ன் பாக்ஸ அணைக்கணும்.

– அது கெடக்கட்டும். இப்பவும் நல்லா இருக்கு கதைன்னு சொல்லு.

– என் கவரப் பிரிக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?

– பேச்ச மாத்தாத. யாருமே இல்லாதவன்னு சொன்ன. ஹாஸ்டல்ல வளந்தேன்னு சொன்ன.

– ஹாஸ்டல்ல இருந்தது நிஜம்.

– பள்ளிக்கூடம் முடிச்சதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி? எங்கம்மா போனப்ப என் பக்கத்துல வந்து உக்காந்தியே, ஞாபகம் இருக்கா? அம்மா இல்லாம இருக்கறது பழகிரும்னு சொன்ன. நான் அன்னிக்கு எங்கம்மாவுக்காக அழல. உனக்காக அழுதேன்.

– அது பொய் இல்ல.

– பின்ன?

– உக்காருங்க. மேஸ்திரி மாதிரி கைய இடுப்புல வெச்சுட்டு நிக்காதீங்க. கேக்கத்தானே வந்திருக்கீங்க, உக்காந்து கேளுங்க.

– சொல்லு.

– எனக்கு ஒரு அண்ணன். ஒரு கும்பலோட சேர்ற வரைக்கும் என் ஜடையப் பின்னி விட்டவன். எங்க தெருமுனையில பூட்டு சாவி செய்யறவர் ஒருத்தர் இருந்தார். வேற வீட்டுப் பூட்டுக்கெல்லாம் சாவி செஞ்சு தரச் சொல்லி அந்தக் கும்பல் அவரக் கேட்டுச்சு. மாட்டேன்னுட்டார். பட்டப்பகல்ல, தெருவே பாத்துட்டிருக்க, எங்கண்ணன் இரும்புக் கம்பியால அவரோட ரெண்டு கையையும் அடிச்சு நொறுக்கினான். நான் மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தேன்.

– நீ பாத்தியா?

– கம்பி கீழ விழுந்த சத்தம் வரைக்கும். போலீஸ் வந்து ஒவ்வொரு வீடா கேட்டாங்க. நாப்பது வீடு. நாப்பது வீட்லயும் அந்த நேரத்துல எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்களாம். நான் ஒருத்திதான் முழிச்சிட்டிருந்தேன்.

– கோர்ட்லயும் சொன்னியா?

– சொன்னேன். அவன் மொகத்தப் பாத்துக்கிட்டே சொன்னேன். ஏழு வருஷம் போட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் எங்கம்மா ஒரு பையில நாலு துணியத் திணிச்சு என்னை ரயிலடிக்கு இழுத்துட்டுப் போனா. "ஒத்தப் புள்ளைய உள்ள தள்ளிட்ட. நீ எனக்குப் பொறக்கவே இல்ல"ன்னா. ரயில் நகர்ற வரைக்கும்கூட நிக்கல. முதுகக் காட்டிட்டுப் போயிட்டா. அவளுக்கு நான் பொறக்கலன்னா, எனக்கு அவ எப்படி அம்மா ஆவா?

– இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.

– என்னன்னு? ரவுடி தங்கச்சி, பெத்தவளே தொரத்தி விட்டவன்னா? நடுவுல நின்னு போன லிஃப்ட்லருந்து என் கையப் புடிச்சு வெளிய இழுத்தீங்களே, அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா மறுபடி உள்ள தள்ளி பட்டன அமுக்கியிருப்பீங்க.

– என்னை அவ்வளவுதான் எடை போட்டு வெச்சிருக்க.

– நீங்க மட்டும்? கவரப் பாத்த அன்னிக்கே கேட்டிருக்கலாமே. ஒரு மாசமா ஒண்ணும் தெரியாத மாதிரி எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் மறைச்சேன், சரி. நீங்க நடிச்சீங்க. ரெண்டுல எது ஒசத்தின்னு சொல்லுங்க.

– நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அந்த ஊருக்குத்தான் இன்டர்வியூன்னு சொன்ன அன்னிக்குப் பாத்தேன். கெளம்பறப்ப வாசல்ல நின்னு பாத்தேன். இப்பவும் பாத்தேன். நீ ஸ்ட்ரெச்சரு, பாலம், பஸ்ஸுன்னு ஊரையே சுத்தற. உன்னப் பத்தி ஒரு வார்த்தை வரல.

– இப்ப வந்துருச்சுல்ல. இதுக்கு மேலயும் அங்க போகணும்னா தாராளமா போங்க. நானும் பாப்பாவும் இந்த வீட்டிலேயே இருக்கோம். நான் சம்பாதிக்கறேன்.

– வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

– என்னது?

– நேத்துக் காலையிலயே. கெடச்சது நிஜம். வேணாம்னதும் நிஜம்.

– அப்ப இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்தது எதுக்கு? ஒண்ணாந்தேதி, பள்ளிக்கூடம், மைதானம், ரெண்டு வாட்ச்மேன்?

– உன் வாயால கேக்கணும்னுதான்.

– கேட்டாச்சு. கட்டினவளக் கூண்டுல ஏத்தி நிக்க வெச்சாச்சு. வயிறு குளுந்துச்சா?

– இல்ல. நான் ஏன் வேணாம்னேன்னு இன்னும் நீ கேக்கல.

– ரவுடி குடும்பத்துல பொண்ணு எடுத்தது அங்க தெரிஞ்சிருக்கும். மானம் போயிருக்கும்.

– உங்க தெருவுக்குப் போனேன்.

– யாரக் கேட்டுப் போனீங்க?

– யாரையும் கேக்கல. இன்டர்வியூ முடிஞ்சதும் கால் அந்தப் பக்கம்தான் போச்சு. எட்டு வருஷம் என்னை முட்டாளாக்கின வீடு எப்படித்தான் இருக்குன்னு பாக்கணும்னு ஒரு வெறி. படிக்கட்டுல பல்பு இல்ல. கதவு நம்பரத் தடவித்தான் கண்டுபிடிச்சேன். உள்ளருந்து மூணு தாழ்ப்பாள் விலகற சத்தம் கேட்டுச்சு. சங்கிலிய மட்டும் எடுக்கல.

– உயிரோட இருக்காளா?

– இருக்காங்க.

– எனக்குப் பொண்ணே கெடையாதுன்னு சொல்லியிருப்பா.

– அப்படித்தான் சொன்னாங்க. திட்டறதுக்குத்தான் போனேன். பெத்த பொண்ணு எங்க இருக்கான்னு ஒரு நாளாவது தேடினீங்களான்னு கேட்டேன். பாப்பா போட்டோவ இடுக்கு வழியா நீட்டினேன். வாங்கிக்கல. உள்ள போயி கண்ணாடிய மாட்டிட்டு வந்து, என் கையில இருந்தபடியே பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒரு பக்கத்துக் கன்னம் உள்ள போயிருந்துச்சு. அந்தப் பக்கம் ஒரு பல்லு கூட இல்ல.

– வயசாயிருச்சு. விழுந்திருக்கும்.

– நானும் அப்படித்தான் நெனச்சேன். சரி, நாங்க இன்ன ஊர்ல இருக்கோம்னு நம்ம ஊர் பேரச் சொல்ல வாயெடுத்தேன். இடுக்குல கைய விட்டு என் வாயப் பொத்திட்டாங்க.

– ஏன்?

– "வேணாம் மாப்பிள்ளை, எனக்குச் சொல்லிடாதீங்க. பதினோரு வருஷமா அவன் கூட்டாளிங்க வந்து வந்து அடிச்சுக் கேக்கறானுங்க, அவ எங்கன்னு. தெரியாதுன்னே சொல்லிட்டிருக்கேன். தெரிஞ்சு போச்சுன்னா எனக்குப் பொய் சொல்ல வராது."