சாய்வு நாற்காலியில் இல்லாமல் போன இரண்டு பேட்டரிகள் குறித்து

பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்பது. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் நிலையத்தில், மடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. புகாரில் காயம்பட்டவர் என்று குறிப்பிட்டிருப்பவர் என் கணவரின் தகப்பனார். புகார் கொடுத்தவர் அவருடைய மகள், என் மூத்த நாத்தனார். நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பேட்டரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அன்று தெரியாது. இப்போது தெரியும் என்பதால் யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

என் மாமனார் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் இறந்த பிறகும் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். போ என்று மாமனார் சொல்லவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அதன் பிறகு அவருக்கு முழங்கால் மூட்டுகள் தேய்ந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் போனதால், நான்தான் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்திவந்தேன். அதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டேன். அதைப் பார்த்து என் நாத்தனார், பொத்தானை அழுத்தினால் ஆளைத் தானாகத் தூக்கி நிறுத்தும் மின்சாரச் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நானும் அவரும் கடைக்குப் போனோம். உட்காரப் போகிறவரையே அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரைக்கும், இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்துகொண்டு வாருங்கள் என்று கடைக்காரர் சொன்னார். முதுகு பின்னால் ஒட்டி உட்கார்ந்த நிலையிலேயே பாதம் தரையில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி தூக்கும்போது ஆள் வழுக்கிவிடுவார் என்றும் சொன்னார். அதற்கு என் நாத்தனார், "நானும் எங்கப்பாவும் ஒரே அச்சுங்க. நான் உக்காந்து பாத்தா போதும்" என்று சொல்லி உட்கார்ந்தார். முகம் ஒரே அச்சு என்பது உண்மைதான். ஆனால் மாமனார் குட்டை, உயரத்தில் அவர் என் மாமியாரைக் கொண்டவர். உட்கார்ந்தவர் சாய்ந்து, அப்படியே கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டார். அவருக்கும் வீட்டில் தலைக்கு மேல் வேலை. விழித்ததும் இதையே அனுப்பிவிடுங்கள் என்றார். நான் மறுபடி அளவைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாங்கித் தருகிறவரிடம் அதற்கு மேல் என்ன சொல்வது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நாற்காலி வந்தது. பொருத்த வந்தவர் என் மாமனாரை உட்கார வைத்துப் பார்த்தார். மாமனாரின் கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. "இது இவருக்கு ரொம்பப் பெருசும்மா, மாத்திக்குங்க" என்றார். நான் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "வந்த அன்னிக்கே குறை சொல்லணுமா உனக்கு?" என்று கேட்டார். ஆகவே ஒரு கெட்டி மெத்தையை மாமனாரின் முதுகுக்குப் பின்னால் வைத்து அவரை முன்னுக்குத் தள்ளி உட்கார வைத்தேன். அப்போது நுனிக்கால் எட்டியது. பொருத்தியவர் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிளக்கைச் சுவரில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது. இரண்டு காலும் தரையில் இருந்தால்தான் தூக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கால் தாங்கியின் மேல் யாரும் உட்காரக் கூடாது. இறக்கும் முன் அடியில் செருப்போ துணியோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மோட்டார் என்பதால் முதுகு சாய்ந்தால் காலும் கூடவே மேலே போகும். அந்த நிலையில் மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு தடவை இறக்கிவிடுவதற்காக, பிளக் பக்கத்தில் உள்ள பெட்டியில் தீப்பெட்டி அளவுக்கு இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன என்று திறந்து காட்டினார். போட்ட மாதத்தை வெள்ளைத் தாளில் எழுதி ஒவ்வொரு பேட்டரியின் மேலும் ஒட்டினார். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படி ஒட்டுவது தன் வழக்கம் என்றார்.

தரை துடைக்கும்போது தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று அந்தப் பெட்டியை ஒரு முக்காலியின் மேல் எடுத்து வைத்தவள் நான்தான். அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தேன். என் மாமனாருக்கு அந்த ரிமோட் கைக்கு வந்ததும் பழைய வேலையே திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எழும்போது "மேல போகுது, யாரும் ஏறுறீங்களா?" என்பார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "இடம் இல்ல மாமா, நீங்க போங்க" என்பேன். எங்கள் வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அவ்வளவுதான்.

நான் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவது உண்மை. மணி அடித்தால் நாற்காலியை உயர்த்தி எழுந்து, கைத்தடியை மறந்துவிட்டு அவர் வாசலுக்கு விரைவார், ஒரு தடவை விழுந்தும் இருக்கிறார். இன்னொரு சாவி எதிர்வீட்டில் இருக்கும். சம்பவத்தன்று எதிர்வீட்டிலும் யாரும் இல்லை. நான் காலையில் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, நிமிர்ந்து உட்கார வைத்து, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். நான் போன பிறகு அந்தத் தெருவில் மின்சாரம் நின்றிருக்கிறது. பார்சல் கொண்டுவந்தவர், உள்ளே வானொலி சத்தமாகப் பாடுவதையும், "இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க" என்று ஒருவர் கத்துவதையும் கேட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார். பூட்டை உடைத்துப் பார்த்தபோது நாற்காலி முழுக்கச் சாய்ந்து இருந்தது. என் மாமனார் கீழே கிடந்தார். மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் தையல் போடும் அளவுக்குக் காயம். பேட்டரிப் பெட்டி காலியாக இருந்தது.

அதன் பிறகு என் நாத்தனார் புகார் கொடுத்தார். மாமனார் எழுந்து நடமாடக் கூடாது என்பதற்காக நான் நாற்காலியைச் சாய்த்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனேன் என்றும், அவர் கத்துவது வெளியே கேட்காமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்தேன் என்றும் அதில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து விடும்போது அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போவதாகவும் எழுதியிருக்கிறார். அவர் வீடு மாடியில் இருக்கிறது, பகலில் ஆள் கிடையாது. ஆனால் அவர் மகள். நான் மருமகள்தான்.

நேற்று மருத்துவமனையில் நாத்தனார் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் என் மாமனார் என்னை அருகே கூப்பிட்டார். "பேட்டரிய நான்தாம்மா எடுத்தேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ரேடியோவுக்கு. வீடு ரொம்ப சும்மா இருக்கு" என்றார். அந்த வானொலி என் கணவருடையது. அதற்கும் அதே மாதிரி தீப்பெட்டி அளவு பேட்டரி ஒன்றுதான். அவர் போன பிறகு அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேனே தவிர, பேட்டரி வாங்கிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் போனதும் நாற்காலியை உயர்த்தி எழுந்து, தடியை ஊன்றிப் போய், அலமாரியிலிருந்து வானொலியையும் முக்காலி மேல் இருந்த பெட்டியிலிருந்து பேட்டரி இரண்டையும் எடுத்திருக்கிறார். ஒன்றை வானொலியில் போட்டு, அது தீர்ந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று மற்றொன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாக மின்சாரம் நிற்கவே இல்லை, இனி எங்கே நிற்கப்போகிறது என்று நினைத்தாராம். பாட்டுக் கேட்டபடி முழுக்கச் சாய்ந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. அவர் அளவு நாற்காலியாக இருந்திருந்தால் பக்கவாட்டைப் பிடித்தாவது இறங்கியிருப்பார். இதில் உருண்டுதான் விழ முடியும்.

அந்த வானொலியைச் சம்பவத்தன்றே எடுத்துவந்து காவல் நிலையத்தில் வைத்திருந்ததால், அதன் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். என் முன்னிலையில் திறந்தார். உள்ளே இருந்த பேட்டரியின் மேல் வெள்ளைத் தாளில் மாதம் எழுதி ஒட்டியிருந்தது. மற்றொன்று அவர் அன்று போட்டிருந்த சட்டையில் இருக்கும். அந்தச் சட்டையைத் துவைத்து வருவதாகச் சொல்லி என் நாத்தனார், மருத்துவமனையில் போட்டுக் கொடுத்த துணிப் பையோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். இன்னும் பையைத் திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். என் மாமனார் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம் பொண்ணுக்குத் தெரிஞ்சா புத்தி பெசகிடுச்சுன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா" என்றார். சொல்ல மாட்டேன் என்றுதான் நானும் சொல்லிவிட்டு வந்தேன். இரவு முழுக்க யோசித்தேன். சொல்லாவிட்டாலும் அழைத்துப் போகப் போகிறார்கள், நான் கட்டிப்போட்டேன் என்ற பேரோடு. அவர் புத்தி பிசகவில்லை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். எனக்கு மிகவும் சோர்வாக இருக்கிறது, இதையும் எழுதுங்கள் என்றேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார் அதிகாரி. சம்பந்தம் உண்டு என்று சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

இன்று காலை மருத்துவமனையில் இஞ்ச் டேப் வைத்து அவருடைய இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரையும், அங்கிருந்து குதிகால் வரையும் அளந்துகொண்டு வந்திருக்கிறேன். எதுக்கும்மா என்று கேட்டார், சும்மா மாமா என்றேன். அளவு என் கைப்பையில் இருக்கிறது. நாற்காலியை அவர் அளவுக்கு மாற்றிவிடுவேன், வானொலிக்குத் தனியாகப் பேட்டரி வாங்கிவிடுவேன், எதிர்வீட்டுச் சாவி இல்லாத நாளில் வேலைக்குப் போக மாட்டேன். சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் அவர் என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும். என் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். அதற்காகத்தான் வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கேட்டேன். ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் நடந்த உண்மை.

(கையொப்பம்)