பூஜையில் இருந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எல்லோரும் ராம் மெமரியைத்தான் கூட்டச் சொல்வார்கள். அது தவறு, மேடம். முதலில் மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்கைப் போட்டாலே பாதி எரிச்சல் போய்விடும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் தங்கை பிரவீணா, அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். திருத்துவதென்றால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் பூவராகவன். செஞ்சி பஜாரில் எங்கள் எலக்ட்ரிக்கல் கடையை உங்களுக்கே தெரியும். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு டியூப்லைட் மாட்டியது எங்கள் நைனா. அப்பா போன பிறகு கடை என் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் பிரவீணா. மிச்ச நேரத்தில் மாடி அறையில் உட்கார்ந்து குழந்தைகள் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைவாள்.

போன ஆடியில் ஒருநாள் கடைக்கு வந்து அலுத்துக்கொண்டாள். "ஒரு கோடு இழுத்துட்டு எந்திரிச்சிப் போயி அம்மாவுக்குக் கஞ்சி வச்சிட்டு வந்துடலாம்ணா. அப்பவும் அது சுத்திக்கினே இருக்குது."

நானே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். எஸ்.எஸ்.டி., எட்டு ஜி.பி. ராம் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதற்குத் தாங்குகிற பவர் சப்ளை. கம்ப்யூட்டர் பெட்டி சின்னது. கார்டு நீளமாக இருந்ததால் உள்ளே பழைய டிஸ்க் இருந்த தட்டைக் கழற்றி இடம் பண்ணினேன். ஆன் செய்தவுடன் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கை நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்தவன் இல்லை நான்.

தப்பு அந்த வேகத்தில்தான். இரண்டு வருடம் இழுத்திருக்க வேண்டிய வேலையை அவள் இரண்டே மாதத்தில் முடித்துவிட்டாள். கோட்டைக் குரங்குகளைப் பற்றி ஒரு புத்தகம், இருபத்து நான்கு பக்கம். சென்னையில் ஒரு பதிப்பகம், விஜயதசமியன்று நேரில் கொண்டுவந்தால் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது.

"தெருக்கோடி காத்தாயி அக்காகிட்ட பேசிட்டேண்ணா. அம்மாவ அது பாத்துக்கும். நான் வாரா வாரம் வந்துடுவேன்" என்றாள்.

எங்கள் அம்மாவை யாரோ ஒருத்தி தொட்டுத் துடைப்பதா? நான் கோபப்படவில்லை. "சந்தோஷம்மா, போய்ட்டு வா" என்றேன்.

ஆயுத பூஜையன்று பூஜையில் வைத்த எதையும் மறுநாள் கற்பூரம் காட்டும்வரை எங்கள் வீட்டில் தொட மாட்டோம். சின்ன வயதில் பூஜையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்ததற்கு நைனா என்னை அடித்திருக்கிறார். பிரவீணா முதல்நாளே எல்லாப் படத்தையும் முடித்து, ஒரு பென் டிரைவிலும் போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பென் டிரைவை அதன் மேலேயே வைத்துவிட்டாள்.

மத்தியானம் அவள் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மாடிக்குப் போனேன். கழற்றிக் கடையில் வைத்திருந்த பழைய டிஸ்கை ஒரு கேபிளில் சொருகினேன்; முன்பு அவள் கோடு மட்டும் போட்டு வைத்திருந்த, வண்ணம் தீட்டாத படங்கள் அதில் அப்படியே இருந்தன. முடித்த படங்களை இரண்டு இடத்திலும் அழித்துவிட்டு, அதே பெயரில் அந்தப் பழைய படங்களைப் போட்டேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் எஸ்.எஸ்.டி.யின் அருமை. பவர் பட்டனில் இருந்த குங்குமம் என் விரலில் ஒட்டிவிட்டது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் கற்பூரம் காட்டி, ஆன் செய்தவள் பென் டிரைவையும் சொருகி ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? நான் கலர் பண்ணேனே."

"பண்றேன் பண்றேன்னுதாம்மா சொல்லிக்கினு இருந்த."

"யாராவது தொட்டாங்களா?"

"பூஜையில இருந்தத யாரும்மா தொடுவாங்க?"

என்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்மேல்தான் தோன்றியது. நானே விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். மனசு களைத்திருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சென்னைக்காரர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதோடு வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். தீபாவளி முடிந்ததும் அவள் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள். அதனால் வேறு சின்னச் சின்ன விஷயங்கள் செய்ய வேண்டியதாயிற்று. அவள் அணைத்த கேஸ் அடுப்பைத் திரும்ப எரியவிட்டேன். சாவியை இடம் மாற்றினேன். அப்புறம் மாத்திரை டப்பா.

அம்மாவுக்கு இதயத்துக்கு ஒரு மாத்திரை, காலையில் ஒன்றே ஒன்று. கூடினால் ஆபத்து என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள டப்பா அது. பிரவீணா கொடுத்துவிட்டுப் போன பிறகு காலியான அறையில் நான் இன்னொன்றை எடுத்து வைப்பேன். பத்து மணிக்கு வந்து பார்ப்பாள். "ஐயோ, குடுக்கலியா நானு?" என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் கொடுப்பாள். அம்மாவுக்கு வாய் குழறும். வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் இவளுக்குப் புரியாது. அடம் பிடிக்கிறாள் என்று நினைப்பாள்.

நான்கு நாள்தான் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாளே அம்மாவுக்குத் தலை நிற்கவில்லை. நான்காம் நாள், போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பிரவீணா கஞ்சி கொடுக்கப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மாத்திரை அட்டையில் நான்கு குறைந்திருப்பதை எண்ணிப் பார்த்துத்தான், மறதியில் தானே இரண்டு இரண்டாகக் கொடுத்துக் கொன்றுவிட்டதாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவின் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குடும்பம் சிதறக் கூடாது என்பதைத் தவிர நான் வேறு எதுவும் நினைக்கவில்லை.

பிரவீணா எதையும் மறக்கவில்லை. படங்களை முடித்தாள், மாத்திரையைச் சரியாகக் கொடுத்தாள், கேஸை அணைத்தாள். அவள் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிட்டு இதில் என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மேடம். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் சாப்பிடக்கூட மறந்துவிடுவாள்.